ஒரு கோல் வித்தியாசத் தோல்வி துரதிர்ஷ்டமா? – வாசகர் கேள்வி பதில்

2025 டிசம்பரில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் நடந்தது முதல், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஹாக்கிக்கென ஒரு தனிக் கட்டு சேர்ந்துவிட்டது. அவற்றில் பாராட்டு குறைவு, மனக்குறையே மிகுதி. இந்திய அணி தோற்கும் விதம் குறித்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

1964-இல் டோக்கியோவில் நாம் தங்கம் வென்ற செய்தியை வானொலியில் கேட்டு வளர்ந்தவன் நான். 2025 ஜூனில் ஐரோப்பாவில் நம் ஆண்கள் அணி தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றது. தொலைக்காட்சியில் பேசுகிறவர்களோ ஒவ்வொரு முறையும் 'நூலிழையில் தவறிவிட்டது, அதிர்ஷ்டம் இல்லை' என்றே சொன்னார்கள். ஏழு முறையுமா அதிர்ஷ்டம் இல்லாமல் போகும்?
(ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திருமங்கலம்)

ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். முன்னணி நாடுகள் ஆண்டுதோறும் மோதும் புரோ லீக்கின் 2024-25 பருவத்தில், ஐரோப்பியச் சுற்றில் நாம் நெதர்லாந்திடம் 1-2, 2-3 எனவும், அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2 எனவும், ஆஸ்திரேலியாவிடம் 2-3, 2-3 எனவும், பெல்ஜியத்திடம் 3-6 எனவும் தோற்றோம். எட்டாவது ஆட்டத்தில்தான் பெல்ஜியத்தை 4-3 என்று வென்று மூச்சு விட்டோம். அந்தப் பருவத்தில் ஆடிய 16 ஆட்டங்களில் ஆறு வெற்றி, 18 புள்ளிகள், ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். நமக்குக் கீழே இருந்த அயர்லாந்து லீக்கிலிருந்து தரமிறக்கப்பட்டது.

ஏழு தோல்விகளில் ஆறு ஒரே கோல் வித்தியாசத்தில் நேர்ந்தவை என்பதைத்தான் வர்ணனையாளர்கள் ஆறுதலாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுவே பெரிய குற்றச்சாட்டாகத் தோன்றுகிறது. அதிர்ஷ்டம் மட்டுமே தீர்மானித்திருந்தால், சமமான ஆறு ஆட்டங்களில் இரண்டு மூன்றாவது நம் பக்கம் விழுந்திருக்கும். ஆறும் எதிரணியின் பக்கமே விழுகின்றன என்றால், ஆட்டத்தை முடித்து வைக்கும் கலையில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்றே பொருள். நெதர்லாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் வெற்றி கோல் கடைசிச் சில நிமிடங்களில்தான் விழுந்தது. இது 2025-இல் புதிதாக வந்த நோயும் அன்று. 2023 ஜனவரியில் புவனேசுவரத்தில், உலகக் கோப்பையின் காலிறுதிக்குச் செல்ல வேண்டிய ஆட்டத்தில், நியூசிலாந்துக்கு எதிராக 2-0 என்றும் பிறகு 3-1 என்றும் முன்னிலை பெற்றிருந்த நம் அணி, அதை 3-3 ஆக விட்டுக்கொடுத்து, ஷூட்-அவுட்டில் 4-5 எனத் தோற்றுச் சொந்த மண்ணிலேயே வெளியேறியது.

முன்னிலையைக் காப்பாற்றுவது என்றால் எல்லோரும் பின்னால் வந்து கோலைச் சூழ்ந்து நிற்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நெதர்லாந்தும் பெல்ஜியமும் அப்படிச் செய்வதில்லை. பந்தை எதிரணியின் பாதியில், பக்கக் கோட்டை ஒட்டிய மூலையில் வைத்துக்கொண்டு, எதிராளியின் காலில் பட வைத்து ஃப்ரீ ஹிட் வாங்கி, மறுபடியும் அதே மூலையில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்தைத் தின்கிறார்கள். நம்மவர்களோ 55-ஆவது நிமிடத்திலும் நடுக்களத்திலிருந்து நீண்ட பந்து ஒன்றை முன்னே அனுப்பி இன்னொரு கோலுக்கு ஆசைப்படுகிறார்கள்; அந்தப் பந்து பறிபோனதும், மேலே ஓடியவர்கள் திரும்பி வருவதற்குள் நம் கோலைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் எதிரணி நுழைந்துவிடுகிறது. களைத்த காலோடு தடுக்கப் போகிறவர் தவறிழைக்கிறார். பச்சை அட்டை என்றால் இரண்டு நிமிடம், மஞ்சள் அட்டை என்றால் குறைந்தது ஐந்து நிமிடம் பத்துப் பேரோடு ஆட வேண்டும். 15 நிமிடக் கால் பகுதி ஒன்றில் ஐந்து நிமிடம் என்பது மூன்றில் ஒரு பங்கு.

இவர்களுக்குத் தாக்குப்பிடிக்கத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், அமித் ரோஹிதாஸ் இரண்டாவது கால் பகுதியின் தொடக்கத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேற, மீதி ஆட்டம் முழுவதையும் பத்துப் பேரோடு ஆடி, பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்ற அணி இதுதான். முடியாதவர்கள் தோற்றால் வருத்தம் வரும். முடிந்தவர்கள் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது உங்களுக்கு வருவதைப் போலக் கோபம்தான் வரும். எனக்கும் வருகிறது.

டிசம்பர் 2-ஆம் தேதி ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நம் இளையோர் அணி சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றபோது நண்பர்களோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் சென்னையில் ஜெர்மனியிடம் அதே அணி 1-5 என்று தோற்றதைப் பார்த்தபோது, நாங்கள் மதுரையில் பார்த்தது வேறு அணியோ என்று தோன்றியது. எங்களை ஏமாற்றியது யார்?
(கல்லூரி மாணவர், தல்லாகுளம்)

தம்பி, உங்களை ஏமாற்றியது போட்டி அட்டவணை. அந்த உலகக் கோப்பையில் முதன்முறையாக 24 அணிகள் ஆடின. அணிகள் பெருகும்போது தொடக்கச் சுற்றின் தரம் நீர்த்துப்போவது இயல்பு. நம் பிரிவில் சிலியை 7-0, பாகிஸ்தான் விலகியதால் இடம்பெற்ற ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றோம். மூன்று ஆட்டங்களில் 29 கோல், ஒன்றுகூட வாங்கவில்லை. இந்த எண்கள் ரசிகனின் எதிர்பார்ப்பைத்தான் ஏற்றின. நெருக்கடியில் நம் தற்காப்பு எப்படி நிற்கும் என்பதைப் பற்றி அவை எதையும் சொல்லவில்லை, நெருக்கடியே வரவில்லையே. காலிறுதியில் பெல்ஜியம் அந்தச் சோதனையை வைத்தது: 2-2, பிறகு ஷூட்-அவுட்டில் 4-3. கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் இல்லையென்றால் அங்கேயே முடிந்திருக்கும். ஜெர்மனி அடுத்த சோதனை. அந்த ஜெர்மனிதான் இறுதியாட்டத்தில் ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் வென்று கோப்பையை எடுத்துச் சென்றது.

ஆனால் உங்கள் கடிதம் அரையிறுதியோடு நின்றுவிட்டது. கதை அங்கே நிற்கவில்லை. டிசம்பர் 10-ஆம் தேதி வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்த நம் பிள்ளைகள், கடைசிக் கால் பகுதியில் மட்டும் நான்கு கோல் அடித்து 4-2 என வென்றார்கள். இளையோர் உலகக் கோப்பையில் 2016-இல் லக்னோவில் வென்ற தங்கத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 2021, 2023 இரண்டிலும் நான்காவது இடத்தோடு திரும்பியிருந்தோம். பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ் கோல்கீப்பராக இருந்து ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் பார்த்தவர். திருமங்கலம் வாசகருக்குச் சொன்ன அந்தக் கடைசிப் பத்து நிமிடம், மூத்த அணி தடுமாறும் அதே பத்து நிமிடம், இந்த இளைஞர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. அரையிறுதியைப் பார்த்த பலர் வெண்கல ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்பது என் எரிச்சல்.

கிரிக்கெட்தானே ஹாக்கியைக் கொன்றது?
(சோழவந்தான்)

இல்லை. கிரிக்கெட்டைப் பார்ப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டாலும், 58-ஆவது நிமிடத்தில் நம் வட்டத்துக்குள் ஆளில்லாமல் நிற்கும் எதிரணி வீரரை யாராவது ஒருவர் பிடித்தே ஆக வேண்டும்.

புல் தரையில் நம்மை யாரும் வெல்ல முடியவில்லை. அதனால்தான் ஐரோப்பியர்கள் செயற்கைத் தரையைக் கொண்டு வந்து நம்மை வீழ்த்தினார்கள் என்று என் தாத்தா சொல்வார். இப்போதைய தோல்விகளுக்கும் அதுதான் காரணமா?
(உசிலம்பட்டி)

இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. தாத்தா சொன்னதில் பாதி உண்மை உண்டு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. நாம் ஏழாவது இடத்துக்கு விழுந்தோம். ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் அத்தரை பரவியபோது நம் நாட்டில் அது அரிதாகவே இருந்தது. பந்தை மட்டையோடு ஒட்ட வைத்து வளைந்து நெளிந்து போகும் நம் பாணியைவிட, ஓட்டமும் நேர்ப் பாஸும் அங்கே பலன் தந்தன.

மறு பாதியைத் தாத்தா விட்டுவிட்டார். 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்ற நாம், 1960-இல் ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றது புல் தரையில்தான். 1968, 1972 இரண்டிலும் வெண்கலத்தோடு திரும்பியதும் புல் தரையிலிருந்துதான். நம் சரிவு மாண்ட்ரியலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இதற்கு மறுதலையாக, 1980 மாஸ்கோவில் வி. பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என வென்று நாம் எடுத்த எட்டாவது தங்கம் செயற்கைத் தரையில் வென்றது. அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்ததால் நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் போன்ற அணிகள் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் கோபப்படுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. முன்னணி அணிகள் எல்லாம் களத்தில் இருக்க நாம் வென்ற கடைசி ஒலிம்பிக் தங்கம் 1964-க்கு உரியது. இன்றைய அணியை எட்டுத் தங்கத்தால் அளப்பவர்கள் இந்தக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போதைய தோல்விகளுக்குத் தரை காரணம் இல்லை. இன்று இந்திய அணிக்குத் தேர்வாகிறவர் பதின்ம வயது முதலே செயற்கைத் தரையில் ஆடி வருகிறவர். அரை நூற்றாண்டு பழைய சாக்கை இனியும் சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையான குறையைக் கேட்கும் வாய்ப்பை நாமே இழக்கிறோம்.

தோற்றால் பயிற்சியாளரைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட வேண்டாமா? கால்பந்தில் அப்படித்தானே செய்கிறார்கள்?
(மேலூர்)

நாமும் அதைச் செய்து பார்த்துவிட்டோம். 2017 செப்டம்பரில் ரோலண்ட் ஓல்ட்மன்ஸை நீக்கினார்கள். மரீனே வந்தார், எட்டு மாதத்தில் ஆண்கள் அணியிலிருந்து மாற்றப்பட்டார். ஹரேந்திர சிங் வந்தார், 2019 ஜனவரியில் அவரும் போனார். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று பேர். பந்து கையிலிருக்கும்போது எப்படி, இழந்தபின் எப்படி என்பதற்கு மூன்று விதமான பாடங்கள். அதற்குப் பிறகு வந்த கிரகாம் ரீட்டை நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக விட்டு வைத்தார்கள். 41 ஆண்டுகளுக்குப் பிறகு டோக்கியோவில் ஒலிம்பிக் பதக்கம் வந்தது. 2023 உலகக் கோப்பைத் தோல்வியோடு அவரும் விலக, கிரெய்க் ஃபுல்டன் வந்தார். அவர் காலத்தில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், பாரிஸில் மீண்டும் வெண்கலம், 2025-இல் ராஜ்கிர் ஆசியக் கோப்பையில் தென் கொரியாவை 4-1 என வென்ற பட்டம் எல்லாம் கிடைத்தன.

அதற்காகப் பயிற்சியாளரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதில்லை. முன்னிலையில் இருக்கும்போது யாரை எப்போது உள்ளே அனுப்புகிறார், கடைசிக் கால் பகுதியில் நடுக்களத்தில் எத்தனை பேரை நிறுத்துகிறார், பெனால்டி கார்னருக்கு (எதிரணி தன் வட்டத்துக்குள் தவறிழைத்தால் நமக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்புக்கு) நம் முதன்மை வீச்சாளர் ஹர்மன்பிரீத் சிங்கை விட்டால் அவர் நம்பி அனுப்பும் இரண்டாவது ஆள் யார் என்று கேட்க வேண்டும். "ராஜினாமா செய்" என்பது இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து அவரை விடுவித்துவிடும்.

ஆண்கள் அணியைத் திட்டவாவது நாலு பேர் இருக்கிறார்கள். பெண்கள் அணி புரோ லீக்கிலிருந்தே வெளியே தள்ளப்பட்டது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
(ஆசிரியை, விருதுநகர்)

அம்மா, நீங்கள் சொல்வது சரி. 2024-25 புரோ லீக்கில் நம் பெண்கள் அணி கடைசி இடம் பிடித்துத் தரமிறக்கப்பட்டது. அதற்கு முந்தைய அடி இன்னும் பெரிது: 2024 ஜனவரியில் ராஞ்சியில், நம் ரசிகர்கள் நிறைந்த மைதானத்தில், ஜப்பானிடம் 0-1 என்று தோற்று பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பையே இழந்தார்கள். டோக்கியோவில் நான்காவது இடம் பிடித்து நாட்டையே விழிக்க வைத்த அணி, அடுத்த ஒலிம்பிக்கில் இல்லவே இல்லை.

ரசிகர்களின் கவனம் ஒரு வகையில் காவல் போன்றது. ஆண்கள் அணி இரண்டு ஆட்டம் தோற்றால் கேள்வி எழுகிறது, தேர்வாளர்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்கள் அணி சரியும்போது அந்தச் சத்தமே எழவில்லை. டோக்கியோவுக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் கோல் அடிக்கும் திறன் எப்படிக் குறைந்தது, மூத்த வீராங்கனைகள் விலகிய இடங்களுக்கு யார் வந்தார்கள் என்பதை எத்தனை இதழ்கள் எழுதின? இந்த இதழும் எழுதவில்லைதான்.

தோற்ற இரவுகளில் என் கணவர் தொலைபேசியில் வீரர்களின் பக்கத்துக்குப் போய்க் கண்டபடி எழுதுகிறார். 'ரசிகனின் உரிமை' என்கிறார். நீங்களாவது சொல்லுங்கள்.
(இல்லத்தரசி, எல்லீஸ் நகர், மதுரை)

ஆட்டத்தைக் குறை சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு அம்மா. மேலே நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். ஆளைக் குறை சொல்வது வேறு. அது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கின்போது நடந்ததை அவருக்கு நினைவூட்டுங்கள். 2021 ஆகஸ்டில் பெண்கள் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்ற பிறகு, அரித்வார் அருகே உள்ள இந்திய வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன் சிலர் கூடி, பட்டாசு வெடித்து, அவரது குடும்பத்தைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகப் புகார் எழுந்து, கைதும் நடந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் என்று பெயர் வாங்கியிருந்தார். தோல்வியின் இரவில் வீட்டு வாசலில் நின்றவர்களும் தங்களை ரசிகர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கணவர் எழுத வேண்டியதை எழுதட்டும், ஆட்டத்தின் எந்த நிமிடத்தில் என்ன தவறு நடந்தது என்று எழுதட்டும். அதை எழுத ஆட்டத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் கோபம் பாதியாகிவிடும்.

கோவில்பட்டியில் பிறந்தவன் ஹாக்கி மட்டையோடுதான் நடக்கக் கற்றுக்கொள்கிறான் என்பார்கள். அப்படியிருந்தும் இந்திய அணியில் நம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறதே! அணி தோற்கும்போது இந்த ஆற்றாமையும் சேர்ந்துகொள்கிறது.
(கோவில்பட்டி)

மதுரைக்குத் தெற்கே நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் உங்கள் ஊருக்கு இந்த உரிமைக் குரல் உண்டு. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக அகில இந்திய அணிகள் வந்து ஆடும் ஊர், செயற்கைத் தரையும் அரசின் ஹாக்கி விடுதியும் உள்ள ஊர். 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் உங்கள் ஊரின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் ஒன்றாக இந்திய அணிக்குள் வந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அதற்கு முன்னால் பார்த்தால் கிருஷ்ணமூர்த்தி பெருமாள், முனீர் சேட், 1975 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்த வி.ஜே. பிலிப்ஸ், பாஸ்கரன், முகமது ரியாஸ், 2004 ஏதென்ஸில் ஆடிய ஆதம் சின்க்ளேர் என்று தமிழ்நாட்டின் வரிசை மதிப்பானதுதான், ஆனால் நீளமானதன்று.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை. மதுரை, விருதுநகர், திண்டுக்கல் வட்டாரப் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் ஆடுவது கட்டாந்தரையில். அங்கே பந்து எப்போது துள்ளும் என்று தெரியாததால் தலையைக் குனிந்து பந்தையே பார்த்துக்கொண்டு ஆடப் பழகுகிறார்கள். செயற்கைத் தரையில் ஆடுகிறவன் பந்து எங்கே இருக்கிறது என்பதைக் கையால் உணர்ந்துகொண்டு, தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறான். பதினாறு வயதில் விடுதிக்குள் நுழைந்த பிறகு இந்தப் பழக்கத்தை மாற்றுவது எளிதன்று. டிராக் ஃபிளிக் நிலைமை இன்னும் மோசம்: பந்தை மட்டையின் வளைவில் வைத்துத் தரையோடு இழுத்து வீச வேண்டிய அந்த அடியைச் சரளைக் கல்லில் பழகவே முடியாது. பஞ்சாபிலும் ஒடிசாவின் சுந்தர்கரிலும் பத்து வயதுக்காரனுக்குக் கிடைக்கும் தரை இங்கே அந்த வயதில் கிடைப்பதில்லை.

இரண்டாவது, ஆடுவதற்கான ஆட்டங்கள் போதாமை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ஆறு ஏழு வயதில் ஊர்ச் சங்கத்தில் சேரும் குழந்தைக்கு, பருவம் முழுவதும் வாரந்தோறும் லீக் ஆட்டம் உண்டு. நம் பிள்ளைக்கு மாவட்டப் போட்டி, மண்டலப் போட்டி, மாநிலப் போட்டி, முதல் சுற்றில் தோற்றால் வீட்டுக்குப் போகலாம். ஒரு கோல் முன்னிலையைக் கடைசி ஐந்து நிமிடம் காப்பது வகுப்பில் சொல்லித் தருவதன்று. நூறு முறை அந்த நிலையில் நின்று கற்பது. பெரியவர்களுக்கும் இதே பஞ்சம்தான். 2013-இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017-க்குப் பிறகு நின்று, 2024 டிசம்பர் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. இடையில் போன ஏழு ஆண்டுகளில் உலகின் சிறந்த வீரர்களோடு வாரக்கணக்கில் ஆடும் வாய்ப்பை ஒரு தலைமுறை முழுவதும் இழந்தது. அதன் விலையைத்தான் இப்போது மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வரும்போது பார்க்கிறோம்.

மதுரை ரேஸ்கோர்ஸில் இப்போது உலகத்தரமான தரை கிடக்கிறது. விருந்தினர் ஆடிவிட்டுப் போய்விட்டார்கள். அதில் மாலை நேரத்தில் எந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், எத்தனை பேர், யார் செலவில் என்பதைத் தோற்ற அணியைத் திட்டும் நேரத்தில் கொஞ்சம் விசாரித்தால், உங்கள் கேள்விக்கு நம் மாவட்டத்திலிருந்தே ஒரு பதில் தொடங்கும்.

எங்கள் வீட்டில் எல்லோரும் பெனால்டி கார்னர் கிடைத்ததும் எழுந்து நிற்கிறோம், உடனே உட்கார்ந்துவிடுகிறோம். இத்தனை கார்னர் கிடைத்தும் ஏன் கோல் விழுவதில்லை? எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.
(திண்டுக்கல்)

இது நல்ல கேள்வி. கோபத்தை விட்டுவிட்டு ஆட்டத்துக்குள் வருகிறீர்கள். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுகிறார்; வட்டத்தின் விளிம்பில் ஒருவர் அதை நிறுத்த, இன்னொருவர் கோலை நோக்கி வீசுகிறார். பந்து வட்டத்தை விட்டு வெளியே போன பிறகே கோலுக்கு அடிக்கலாம். தடுப்பதற்குக் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர். தள்ளுவதற்கும் வீசுவதற்கும் இடையே இரண்டு விநாடிகூட ஆவதில்லை. முதல் அடி சாதாரண ஹிட் என்றால் பந்து கோலின் அடியில் இருக்கும் 460 மில்லிமீட்டர் உயரப் பலகைக்கு மேலே போகக் கூடாது. டிராக் ஃபிளிக்குக்கு அந்தத் தடை இல்லை, அதனால்தான் அது ஆயுதமானது.

நம் கண்கள் வீசுகிறவரையே பார்க்கின்றன. அடுத்த முறை தள்ளுகிறவரையும் நிறுத்துகிறவரையும் பாருங்கள். பந்து ஒரு அடி விலகி வந்தாலோ நிறுத்தும் மட்டையில் சற்றுத் துள்ளினாலோ வீசுகிறவருக்கு அரை விநாடி போய்விடும். அதற்குள் எதிரணியின் முதல் ஓட்டக்காரர் அவர் மட்டைக்கு நேரே வந்து நிற்பார். நம் கார்னர்களில் பல அங்கேயே செத்துவிடுகின்றன, பழி மட்டும் ஹர்மன்பிரீத் தலையில் விழுகிறது. பாரிஸில் 10 கோல் அடித்து அந்த ஒலிம்பிக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். அதுவே இன்னொரு சிக்கலும் ஆகிறது: வீசப் போவது அவர்தான் என்பது எதிரணியின் பகுப்பாய்வாளர்களுக்கும் தெரியும், ஓட்டக்காரர்களை அவருக்கென்றே பழக்கி அனுப்புகிறார்கள். ஜெர்மனியும் பெல்ஜியமும் இரண்டு மூன்று வீச்சாளர்களை வட்டத்தின் விளிம்பில் நிறுத்தி, கடைசி நொடி வரை யார் என்று காட்டாமல் வைத்திருக்கின்றன. நாமும் பந்தைப் பக்கவாட்டில் நழுவவிட்டு வேறொருவரை அடிக்க வைக்கும் மாற்று உத்திகளை வைத்திருக்கிறோம். பின்தங்கியிருக்கும் நேரத்தில் அவற்றை எடுக்கத் துணிவதில்லை.

ஆகவே அடுத்த கார்னரின்போது எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே வட்டத்தின் மேல் விளிம்பில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். 2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடக்கும் உலகக் கோப்பைக்கு ராஜ்கிர் வெற்றியால் நாம் தகுதி பெற்றிருக்கிறோம். அங்கே ஹர்மன்பிரீத்துக்கு அருகில் இன்னொரு உண்மையான வீச்சாளர் நின்று, அவருக்கும் பந்து போகிறதா என்று பார்த்து எழுதுங்கள். போனால் அடுத்த கடிதத்தை முதல் கேள்வியாகவே வெளியிடுகிறோம்.